திருப்பூர் வட்டாரத்தில் இறுதிச் சடங்கு ஏற்பாடுகள்: ஊர்முறையும் நகரமுறையும்

கொங்கு நாட்டில் மரணத்தைப் 'பெரிய காரியம்' என்பார்கள். ஒரு வீட்டில் பெரிய காரியம் ஆகிவிட்டால் சில மணி நேரத்துக்குள் பல வேலைகள் நடந்தாக வேண்டும். உறவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், பாடை கட்ட வேண்டும், காட்டில் குழியோ சிதையோ தயாராக வேண்டும், வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தால் இவற்றைத் தனியாகச் செய்ய முடியாது. ஆகவே, இவ்வேலைகளை யார் செய்வது என்பதை ஒவ்வொரு காலத்துச் சமூகமும் ஏதோ ஒரு வகையில் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது.

திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம், ஊத்துக்குளி ஆகிய பகுதிகளில் அந்த ஏற்பாடு எப்படி இருந்தது, பின்னலாடைத் தொழில் வளர்ந்தபின் எப்படி மாறியது, இன்று யார் அதற்கு வெளியே நிற்கிறார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொல்பழங்காலம்

திருப்பூரின் நடுவே ஓடும் நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிக் காவிரியில் கலக்கிறது. இதன் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில், கொடுமணல் என்னும் ஊர் உள்ளது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று சொல்லப்படும் ஊர் இதுவே என்பர் ஆய்வாளர். 1985 முதல் பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில் இங்கு மக்கள் வாழ்ந்த இடமும் அதையொட்டிப் பெரிய ஈமக்காடும் வெளிப்பட்டன. பலகைக் கற்களால் அறை அமைத்து, சுற்றிலும் கல்வட்டம் இட்ட கல்லறைகள் இங்கு உள்ளன. அவற்றுள் இரும்புக் கருவிகளும் மட்கலங்களும் கார்னீலியன் என்னும் செந்நிறக் கல்மணிகளும் கிடைத்தன. அத்தனை பெரிய பலகைக் கற்களை வெட்டி, இழுத்து வந்து, நிறுத்துவது ஒரு குடும்பத்தால் ஆகிற வேலையன்று. ஊரே கூடிச் செய்த வேலை அது.

இறந்தவரை அனுப்பும் முறை அக்காலத்திலேயே ஒன்றாக இருக்கவில்லை. எரித்தல், வெளியில் இட்டுவிடுதல், குழியில் புதைத்தல், அறையில் வைத்து அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐந்து முறைகளை மணிமேகலை குறிப்பிடுகிறது. தாழி வனையும் குயவரை விளித்துப் பாடும் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. இறுதிச் சடங்குக்கெனத் தனித் தொழிலாளர் தேவைப்பட்டதை இப்பாடல்கள் காட்டுகின்றன.

ஊர்முறை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை கொங்குக் கிராமங்களில் இருந்த ஏற்பாட்டை ஊர்முறை எனலாம். இதில் உறவுக்கு ஒரு பங்கும் ஊர்த்தொழிலாளருக்கு ஒரு பங்கும் பிறப்பிலேயே வகுக்கப்பட்டிருந்தன.

உயிர் பிரிந்ததும் கண்ணையும் வாயையும் மூடி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தலை தெற்கே இருக்கும்படி கிடத்துவார்கள். தலைமாட்டில் விளக்கு எரியும். உடனே எழவு சொல்ல ஆள் புறப்படும். 'நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போ' என்பது பொதுவான வழக்கு. ஆனால் பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்களுக்கும் முறைப்படி ஆள்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி அனுப்பாமல் விட்டதால் தலைமுறைக்கும் உறவு முறிந்த குடும்பங்கள் உண்டு.

பங்காளிகள் தீட்டுக்கு உரியவர்கள், கொள்ளி வைக்கும் பொறுப்பும் அவர்கள் பக்கம். மாமன் மச்சான் முறையினர் கோடித் துணி கொண்டு வருவார்கள். இறந்தவர் பெண்ணானால் பிறந்த வீட்டுக் கோடி வந்த பிறகே எடுப்பார்கள். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்து அழுவார்கள். பாடை புறப்பட்டால் அவர்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள், ஆண்கள் மட்டுமே காட்டுக்குப் போவார்கள். காட்டில் கொள்ளிக்குடம் சுமந்து சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை இடப்படும். தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது பல குடும்பங்களின் வழக்கம். மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளித்துச் சாம்பல் எடுப்பர். அதன்பின் குடும்ப வழக்கத்துக்கு ஏற்றபடி 11, 13 அல்லது 16ஆம் நாளில் கருமாதி நடக்கும்.

எல்லாரும் எரிப்பதில்லை. லிங்கம் அணியும் குலத்தார் உட்கார்ந்த நிலையில் புதைப்பர். குழந்தைகளைப் புதைப்பதே பொது வழக்கம். முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல் ஜமாஅத்தே ஏற்பாட்டுக் குழு. குளிப்பாட்டுதல், கபன் துணி, சந்தூக், கபர் வெட்டுதல் எல்லாம் ஜமாஅத் வழியாக நடந்து, இயன்றவரை ஒரே நாளில் அடக்கம் முடியும். கிறித்தவர்களுக்குத் திருச்சபையும் கல்லறைத் தோட்டமும் இதே பணியைச் செய்தன.

இம்முறையின் மறுபக்கம்

ஊர்முறையில் எந்தச் சாவும் ஆளில்லாமல் நின்றதில்லை என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அது உண்மைதான். ஆனால் அந்த ஆள் எப்படி வந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சடங்கை முன்னின்று நடத்தியவர் குடிமகன் எனப்பட்ட நாவிதர். பாடை போகும் வழியில் மாத்துத் துணி விரித்தவர் ஏகாலி. எழவு சொல்ல வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராக நடந்தவர்கள், பறையடித்தவர்கள், குழி வெட்டிச் சிதை அடுக்கியவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். எழவு வீட்டு வேலையை 'வரமாட்டேன்' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. கூலி தானியமாக, அறுவடைக் காலத்தில், கொடுப்பவர் மனம்போல் வந்தது. எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி ஆகியோர் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல், பல சாதிகளின் ஈமச்சடங்குகளைப் பதிவு செய்கிறது. அச்சடங்குகளில் கைவேலை செய்தவர்களின் நிலையை அறிய வேறு சான்றுகளைத்தான் தேட வேண்டும்.

இந்தப் பிரிவினை காட்டிலும் தொடர்ந்தது. சாதிக்கொரு சுடுகாடும் அதற்குத் தனித்தனிப் பாதையும் இருந்தன. ஒடுக்கப்பட்டோரின் இடுகாட்டுக்குப் பல ஊர்களில் பாதையே இல்லை. இது பழங்கதையன்று. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலத்தின் வழியே போக இயலாததால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து விசாரித்தது. சாதி வேறுபாடற்ற மயானத்தைப் பயன்படுத்தும் முன்மாதிரிச் சிற்றூர்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்படும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. பரிசு கொடுத்து ஊக்க வேண்டிய நிலையில்தான் பொது மயானம் இன்றும் இருக்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

பதிவேடும் நகராட்சியும்

ஆங்கிலேயர் ஆட்சியில் மரணம் அரசுப் பதிவேட்டில் ஏறியது. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899-இல் சட்டம் வந்தது. கிராமங்களில் மணியக்காரர் எனப்பட்ட கிராம முன்சீப் பதிவேட்டை வைத்திருந்தார். 1980-இல் பரம்பரைக் கிராமப் பதவிகள் ஒழிக்கப்பட்டபின் அப்பணி கிராம நிருவாக அலுவலரிடம் வந்தது. நாடு முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்னும் விதி இன்றும் உள்ளது.

திருப்பூர் 1917-இல் நகராட்சி ஆனது. நகராட்சி வந்ததும் சுடுகாடும் இடுகாடும் சுகாதாரப் பொறுப்பாகின. எங்கே எரிக்கலாம், எங்கே புதைக்கலாம் என்பதற்கு விதிகள் வந்தன. திருப்பூர் 2008-இல் மாநகராட்சியாகவும், 2009 பிப்ரவரியில் கோவை, ஈரோடு மாவட்டப் பகுதிகளைச் சேர்த்துத் தனி மாவட்டத் தலைநகராகவும் உயர்ந்தது.

செய்தி சொல்லும் முறையும் மாறியது. ஆளுக்குப் பதிலாகத் தந்தி வந்தது. தந்திக்காரர் வாசலில் நின்றாலே பெண்கள் அழத் தொடங்கிய காலம் ஒன்று இருந்தது. டிரங்க் கால், தொலைபேசி, கைப்பேசி என்று அது நீண்டது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டது. எழவு சொல்ல மனிதரை ஓட விடும் வழக்கம் மறைந்ததில் சீர்திருத்த இயக்கங்களுக்கு இருந்த பங்கு, இந்தக் கருவிகளுக்கும் உண்டு.

பக்கத்து ஈரோட்டைச் சேர்ந்த பெரியாரின் சுயமரியாதை இயக்கம் சடங்கில்லா அடக்கத்தை வலியுறுத்தியது. கருமாதிக்குப் பதிலாகப் படத்திறப்பு நடத்தும் வழக்கம் அதன் வழியே பரவியது. கட்சி வேறுபாடின்றிப் பல குடும்பங்கள் இன்று கருமாதியோடு படத்திறப்பையும் நடத்துகின்றன.

பனியன் கம்பெனிகள் வந்தபின்

1920-களில் கையால் சுற்றும் பின்னல் எந்திரங்களுடன் தொடங்கிய பனியன் தொழில், 1970-களின் இறுதியிலிருந்து ஏற்றுமதியால் பெருகியது. ஏற்றுமதியாளர் சங்கம் 1990-இல் உருவானது. இவ்வளர்ச்சி இறுதிச் சடங்கை மூன்று வகைகளில் மாற்றியது.

முதலாவது, கட்டாய ஊழியம் தளர்ந்தது. வாரக்கூலி கிடைக்கும் கம்பெனி வேலை, எழவு வேலையை மறுக்கும் வலிமையை ஒடுக்கப்பட்ட இளைஞர்களுக்குக் கொடுத்தது. திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நீண்டகாலம் ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் ஆகியோர், பின்னலாடை வேலைக்குச் செல்ல முடிந்த தலித் மக்களிடம் சாதிப்பிடி தளர்ந்ததையும், விசைத்தறிக் கடனில் கட்டுண்ட ஊர்களில் அது நீடித்ததையும் வேறுபடுத்திக் காட்டினர். எழவு வீட்டில் பறை இன்றும் ஒலிக்கிறது. ஆனால் பல இடங்களில் அது முன்பணம் பேசி வரும் கலைக்குழுவின் தொழில்.

இரண்டாவது, ஊர் செய்த வேலைகள் கடைக்கு வந்தன. சாமியானா, நாற்காலி, குளிர்பெட்டி, அமரர் ஊர்தி, பூ அலங்காரம், சமையல் என எல்லாம் வாடகைக்குக் கிடைக்கின்றன. குளிர்பெட்டி வந்ததால் வெளிநாட்டிலிருந்து மகன் வரும்வரை காத்திருக்க முடிகிறது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் பிளக்ஸ் பலகையும் சில மணி நேரத்தில் தயாராகின்றன. எரிவாயு தகன மேடையில் ஓரிரு மணி நேரத்தில் எரியூட்டல் முடிகிறது. விறகுச் சிதை அணையும்வரை காத்திருந்து மறுநாள் செய்த சடங்கைப் பல குடும்பங்கள் அன்றைக்கே முடித்துக்கொள்கின்றன. பெண்கள் தகன மேடைவரை வருவதும், மகன் இல்லாத வீட்டில் மகள் கொள்ளி வைப்பதும் இப்போது காணக்கூடியவையே.

மூன்றாவது, நேரம் கம்பெனிக்கு உரியதானது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டைலருக்கு ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் கூலி இழப்பு. ஆகவே கருமாதியை ஞாயிற்றுக்கிழமை பார்த்து வைக்கிறார்கள். தேனி, திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியிருப்போருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வாடகை வீட்டில் உடலைக் கிடத்த வீட்டுக்காரர் தயங்குவார். மருத்துவமனையிலிருந்து நேரே ஆம்புலன்ஸில் ஏற்றி இரவோடு இரவாகச் சொந்த ஊர் போய்விடுவதே பலரின் வழி. இருபது ஆண்டுகள் உழைத்த ஊரில் ஒரு மணி நேரம்கூட உடல் கிடக்க இடமில்லாமல் போகிறது.

ஆறு விலகிய கதை

ஈமக்கடனுக்கு ஆறு வேண்டும். நொய்யல் கரையிலுள்ள பேரூர் இதற்குப் பெயர்பெற்ற தலம். அங்கே ஆற்றில் இடும் எலும்பு கல்லாகும் என்பதும், அவ்வூரில் இறக்கும் உயிர்கள் வலக்காது மேல்நோக்கக் கிடக்கும் என்பதும் தலத்தின் அதிசயங்களாகச் சொல்லப்படுபவை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள திருப்பூரிலோ சாயக்கழிவு நீரின் நிறத்தையே மாற்றியது. பாசனத்துக்காக 1992-இல் ஊத்துக்குளிக்கு அப்பால் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமானது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. காலடியில் ஆறு ஓடியும் சாம்பல் கரைக்கப் பவானி கூடுதுறைக்கும் கொடுமுடிக்கும் வண்டி கட்டிப் போகிறார்கள் திருப்பூர்க்காரர்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர்

இன்று திருப்பூரின் எந்திரங்களை இயக்குவோரில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலத்தவர் பெருந்தொகையினர். அவர்களில் ஒருவர் இறந்தால் ஏற்பாடு எப்படி நடக்கும்?

பங்காளி இல்லை, மாமன் மச்சான் இல்லை. அறையில் உடன் தங்கியவர்களே உறவு. பாட்னா 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கோவையிலிருந்து விமானத்தில் அனுப்ப இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, காவல்துறையின் தடையின்மைச் சான்று, முறையாக மூடிய பெட்டி ஆகியவை வேண்டும். விபத்தோ சந்தேக மரணமோ ஆனால் உடற்கூறாய்வு முடிந்தாக வேண்டும். தமிழ் தெரியாத இருபது வயதுப் பையன்கள் இத்தனை வாசல்களிலும் ஏறி இறங்க வேண்டும். பணம் சேராவிட்டால் இங்கேயே எரித்துவிட்டு, கைப்பேசிக் காணொளியில் பெற்றோருக்குக் காட்டுவதுதான் மிஞ்சும் வழி.

சட்டம் இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. ஒப்பந்தக்காரர் அழைத்து வந்த தொழிலாளி விபத்தில் இறந்தால், இரு மாநில அதிகாரிகளுக்கும் நெருங்கிய உறவினருக்கும் ஒப்பந்தக்காரரே தெரிவிக்க வேண்டும் என்றது 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம். ஆனால் நண்பன் சொல்லி, தானாக ரயிலேறி வந்தவனுக்கு ஒப்பந்தக்காரர் யார்?

இங்கே ஓர் ஒப்பீடு உதவும். வளைகுடாவில் ஒரு தமிழர் இறந்தால் உடலைக் கொண்டுவர அவர் குடும்பம் இந்தியத் தூதரகத்தை அணுகலாம். வசதியற்றோர் உடலை அனுப்பும் செலவை ஏற்க 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி உண்டு. வெளிநாடு வாழ் தமிழர்களுக்கெனத் தமிழக அரசில் தனித்துறையும் உண்டு. திருப்பூரில் இறக்கும் ஒடிசாக்காரருக்குத் தூதரகம் கிடையாது, ஏனெனில் அவர் சொந்த நாட்டில்தான் இறக்கிறார். பீகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்கள் உதவித் திட்டங்கள் வைத்திருந்தாலும், இந்த ஊரில் போய்க் கதவு தட்ட ஓர் இடம் வேண்டும். வளைகுடா முதலாளியிடம் நாம் எதிர்பார்க்கும் மரியாதையை நம் ஊர்க் கம்பெனியிடம் அவர்கள் எதிர்பார்ப்பதில் தவறில்லை.

2020-21 கொரோனாக் காலம் எல்லாரையும் சிறிது காலம் இந்நிலையில் நிறுத்தியது. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று விதி வந்தது. மகனே உடலைத் தொட முடியவில்லை. தமிழகத்தின் பல ஊர்களில் முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்களும் பிற தன்னார்வலர்களும் மதம் பாராமல் அடக்கம் செய்தார்கள். உரிமை கோரப்படாத உடல்களைக் காவல்துறையின் ஒப்புதலோடு அடக்கம் செய்யும் தொண்டர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

அறிந்திருக்க வேண்டிய நடைமுறைகள்

மரணத்தை அது நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். திருப்பூரில் இறந்தவரை நெல்லையில் அடக்கம் செய்தாலும் பதிவு திருப்பூரில்தான். அவசரத்தில் ஊருக்குப் புறப்படுவோர் இதை மறந்துவிட்டுப் பின்னர் அலைகிறார்கள்.

மருத்துவமனை மரணத்தை அம்மருத்துவமனையே பதிவாளருக்குத் தெரிவிக்கும். வீட்டில் இறந்தால் குடும்பத் தலைவரோ நெருங்கிய உறவினரோ தெரிவிக்க வேண்டும். கடைசியாகச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் இறப்புக் காரணச் சான்று பெற்றுக்கொள்வது நல்லது. சான்றிதழில் பெயரும் முகவரியும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்க்க வேண்டும். வங்கி, வருங்கால வைப்பு நிதி, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

இஎஸ்ஐ காப்பீடு உள்ள தொழிலாளி இறந்தால் ஈமச்சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். 2019-க்கு முன் இது 10,000 ரூபாயாக இருந்தது. இறந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும். குடும்பத்தார் உடன் இல்லாவிட்டால் சடங்கை உண்மையில் செய்தவரே கோரலாம். அறை நண்பர்கள் செய்த செலவும் இதில் அடங்கும் என்பதைப் பலர் அறியார். வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த காப்பீடும், முறைசாராத் தொழிலாளர் நலவாரிய உறுப்பினருக்கு இறப்பு உதவியும் உண்டு.

அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலைக் கட்டணமின்றிக் கொண்டுசெல்ல, செஞ்சிலுவைச் சங்கத்துடன் இணைந்து தமிழக அரசு நடத்தும் அமரர் ஊர்திச் சேவை உள்ளது. அதன் தொலைபேசி எண் 155377.

மதிப்பீடு

ஊர்முறை யாரையும் கைவிடவில்லை. ஆனால் அதன் சுமையைச் சிலர் பிறப்பாலேயே சுமந்தார்கள். நகரமுறை அவர்களை விடுவித்தது. அது வரவேற்கத்தக்க மாற்றம், அதற்காகப் பழங்காலத்தை எண்ணி ஏங்க வேண்டியதில்லை. ஆனால் நகரமுறைக்குப் பணம் வேண்டும், தாள் வேண்டும், மொழி வேண்டும். இம்மூன்றும் இல்லாதவருக்கு ஊரும் இல்லை, நகரமும் இல்லை.

இதைச் சரிசெய்யப் பெருந்திட்டம் தேவையில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் தொழிலாளியின் வீட்டு முகவரியையும் நெருங்கிய உறவினர் எண்ணையும் பதிவேட்டில் வைத்திருக்கலாம். இந்தியும் ஒடியாவும் வங்காளமும் தெரிந்த ஒருவர் அரசு மருத்துவமனையில் உதவிக்கு இருக்கலாம். உடல் கிடத்த ஒரு பொதுக்கூடத்தை மாநகராட்சி அமைக்கலாம். கொடுமணலில் கல் சுமந்தவர்கள் தம் ஊரில் இறந்தவருக்காகச் சுமந்தார்கள். தன் எந்திரத்தில் உழைத்து மாண்டவரையும் தன் ஊராராக எண்ணும்போதுதான் திருப்பூரில் இந்த ஏற்பாடு முழுமை பெறும்.